வேலிக்கு ஓணான் சாட்சி

இத்தொடரிலே கோவிலைப் பற்றியும் கேணியைப் பற்றியும் தெருமூடிமடத்தைப் பற்றியும் பேசியாயிற்று. இன்று வேலியைப் பற்றிப் பேசலாமென்றிருக்கின்றேன். வேலிக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் நகைக்க மாட்டார்கள். அவர்களுடைய குடும்பத்திலே யாராவது ஒருவர் வேலிக்காகக் கோட்டுப்படி ஏறியிருப்பார். நானும் அப்படியான ஒருவரின் மகன்தான்.

வேலி என்ற சொல் தமிழிலே மிகப் பழையது. சோழநாட்டிலே அது அடைப்பை மாத்திரமன்றி, அடைக்கப்பட்ட நிலத்தின் அளவையும் குறித்தது. 20 மா கொண்டது ஒரு வேலி. இன்றைய கணக்கிலே ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலே வரும். சோழர் கல்வெட்டுகளிலே கோவிலுக்கு விட்ட நிலங்கள் வேலிக் கணக்கிலேதான் சொல்லப்படுகின்றன. காவிரிக் கரையிலே ஒரு வேலி நிலம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். எங்கள் ஊரிலோ நிலத்தைப் பரப்பிலே அளக்கின்றோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு பரப்பு வளவுக்கு நாலு பக்கமும் வேலி, அதற்குள்ளே ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு மாட்டுக்கொட்டில். அங்கே வேலி நிலத்துக்குப் பெயரானது. இங்கே நிலம் வேலிக்குள் அடங்கிப்போயிற்று.

யாழ்ப்பாணத்து வேலி எல்லா ஊரிலும் ஒன்றல்ல. தென்னை மிகுந்த தென்மராட்சிப் பக்கத்திலே கிடுகு வேலி. பனை மிகுந்த இடங்களிலே ஓலை வேலி. ஓலையும் கட்ட வசதியற்றவர்கள் பனைமட்டையை நெருக்கி நாட்டி மட்டை வேலி அடைப்பார்கள். தோட்டங்களைச் சுற்றி முட்கொப்புகளைக் குவித்துக் கட்டிய அலம்பல் வேலி. அதற்கு அழகு கிடையாது, ஆனால் மாடு கிட்ட வராது. நெடுந்தீவுக்குப் போனால் வேறு காட்சி. கடலிலிருந்து வந்த பவளக் கற்களைச் சாந்து எதுவுமில்லாமல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி மார்பளவு உயரத்துக்கு மதில் எழுப்பியிருக்கிறார்கள். கற்களுக்கிடையே காற்றுப் புகுந்து போகும். அதனாலேதானோ என்னவோ அந்தத் தீவின் கடுங்காற்றுக்கு அவை சாய்வதில்லை.

வலிகாமம் வடக்கிலே எங்களுடையது ஓலை வேலி. அது எப்படி அமைந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு வேலி என்றால் முட்கம்பி அல்லது மதில். 1950களில் நான் சிறுவனாயிருந்தபோது கண்டது வேறு.

முதலிலே கதியால். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, வாதநாராயணி இவற்றின் தடித்த கொப்புகளை ஓராளுயரத்துக்கு வெட்டுவார்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, மேற்பக்க வெட்டுவாயிலே ஒரு கை பசுச்சாணத்தை அப்பிவிடுவார்கள். சாணம் வெட்டுவாயைக் காயவிடாது. மழை தொடங்கி நிலம் ஈரப்பட்டதும் முழத்துக்கொன்றாக நடுவார்கள். மரத்தூண் உக்கிப்போகும், கதியால் உக்காது, அது வேர்விட்டு மரமாகும். வேலி என்பது எங்களூரிலே கட்டுவது மாத்திரமன்று, வளர்ப்பதும்கூட. கதியாலுக்குக் குறுக்கே வரிச்சு. பனைமட்டையைப் பிளந்து கட்டிய வரிச்சு மூன்றோ நாலோ ஓடும். பிறகு ஓலை. வெட்டிய பனையோலையை மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கி, மேலே பாரம் வைத்துவிடுவார்கள். சில நாட்களிலே அது அப்பளம்போலாகிவிடும். அந்த ஓலைகளை நிமிர்த்தி நெருக்கி வைத்து, இருபுறமும் வரிச்சுப் பிடித்து நாரினாலே கட்டுவதே வேலியடைப்பு.

அந்தக் கட்டுத்தான் முக்கியம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே நிற்பவர் குத்தூசியிலே நாரைக் கோத்து ஓலைக்கூடாகக் குத்துவார். வெளியே நிற்பவர் நாரை இழுத்து, வரிச்சைச் சுற்றி, மறுபடியும் ஊசியிலே கோத்துத் திருப்பி அனுப்புவார். இருவருக்குமிடையே ஓலை மறைத்திருக்கும். முகம் தெரியாது. "விடு", "இழு", "போதும்" என்ற குரல்கள்தான். வேலி அடைக்க வேண்டுமானால் அயலவனுடைய காணியிலே ஒருவர் நின்றாக வேண்டும் என்பதை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது உதவும்.

பழைய ஓலையை எறிவதில்லை. அது புகையிலைத் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்திலே கிடங்கு வெட்டித் தாழ்த்தால் எருவாகும். பூவரசங் குழையும் அப்படியே. ஆண்டுக்கொருமுறை வேலியை மொட்டையடித்து வண்டிவண்டியாகக் குழை ஏற்றிப் போவதைக் கண்டிருக்கிறேன். கிளுவைக் குழையும் முள்முருக்கங் குழையும் ஆட்டுக்கு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் சுண்ணக்கல்லும் தாமாக ஒன்றும் தரமாட்டா. அந்த மண்ணை விளையச் செய்தவை மாட்டெருவும் ஆட்டெருவும் குழையும் ஓலையும். ஒல்லாந்தர் காலத்திலிருந்து மலையாளக் கரைக்குக் கப்பலேறிப் புகழ்பெற்ற யாழ்ப்பாணப் புகையிலையிலே எங்கள் வேலிகளுக்கும் ஒரு பங்கு உண்டென்பது என் துணிபு. காற்றுக்கும் வேலியே தடை. சோளகம் பெயர்ந்து செம்மண் புழுதி கிளம்பும் மாதங்களிலே வேலியில்லாத வளவிலே உலை வைக்க முடியாது.

வேலியிலே தானாகப் படர்ந்தவை வேறு. முசுட்டை, மொசுமொசுக்கை, கோவை, குறிஞ்சா, தூதுவளை, பிரண்டை. ஆச்சிக்குச் சந்தைக்குப் போகாமலே கறி வைக்கத் தெரியும். விடியற்காலையிலே ஓலைப்பெட்டியோடு வேலியோரமாக ஒரு சுற்றுப் போய் வருவா. முசுட்டையிலை வறைக்கு, மொசுமொசுக்கை சளிக்குக் கஞ்சி வைக்க, குறிஞ்சா அப்பாவின் நீரிழிவுக்கு. நாங்கள் சிறுவர் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோம். வேலியின் உட்புறமாக அம்மா செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வரிசையாக நட்டிருந்தா. சாமிப் படத்துக்குப் பூ. கிணற்றடிப் பக்கம் மாத்திரம் வாழையும் அதற்கு வெளியே இரட்டை ஓலையும். பெண்கள் குளிக்கும் இடமல்லவா? அந்த வேலியிலே ஓர் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே அடைபடும்.

முள்முருக்கங் கதியாலுக்கு வேறொரு பெருமையும் உண்டு. கலியாண வீட்டிலே பொன்னுருக்குகிற நாளிலே கன்னிக்காலாக நடப்படுவது அதுதான். கலியாணம் முடிந்த பிறகு அது தளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். என்னுடைய மூத்த அக்காவின் கன்னிக்கால் பிற்காலத்திலே வேலியோடு வேலியாய்ப் பெரிய மரமாய் நின்றது.

இனிப் பொட்டு. இந்தச் சொல்லை மட்டக்களப்பு நேயர்களும் மலையக நேயர்களும் நெற்றிப் பொட்டென்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு வளவுக்கிடையிலே ஓராள் குனிந்து போகத்தக்கதாக வேலியிலே விடப்பட்ட இடைவெளியே பொட்டு. தெருப்பக்கம் படலை, வசதியுள்ளவர்கள் படலைக்கு மேலே கூரை வேய்ந்து திண்ணையும் வைத்துச் சங்கடப்படலை என்பார்கள். வழிப்போக்கர் இருந்து இளைப்பாறலாம், தண்ணீரும் இருக்கும். தோட்டத்துப் பக்கம் கண்டாயம். மனிதர் கால் தூக்கிப் போகலாம், மாடு போக முடியாது. பொட்டோ பெண்களுக்குரியது. எங்கள் வடக்கு வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. அதனூடாக அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் போவா. மாமி இங்கே வருவா. உப்பு, நெருப்புக்கொள்ளி, அரைக்கொத்து அரிசி, யார் வீட்டிலே யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள் என்ற செய்தி, எல்லாம் அந்தப் பொட்டினூடாகத்தான் போய்வந்தன. ஆண்கள் தெருவால் சுற்றிப் படலைக்கு வந்து, செருமி, "இருக்கிறியளோ?" என்று கேட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

செங்கை ஆழியான் தம்முடைய நாவலொன்றுக்குக் 'கிடுகு வேலி' என்றே பெயர் வைத்தார். கிடுகுவேலிக் கலாசாரம் என்ற தொடரும் எழுத்தாளர் வாயிலே அடிக்கடி புழங்கியது. சிலர் அதைப் பெருமையாகச் சொன்னார்கள், சிலர் ஏளனமாகச் சொன்னார்கள். இரண்டிலும் உண்மையுண்டு. வேலி யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டால்தான் அதன் மறுபக்கம் தெரியும்.

எங்கள் வேலியை ஆண்டுதோறும் அடைத்தவர் ஒருவர். அவருடைய தகப்பனார் என் பாட்டனாருக்கு அடைத்தவர். அவருக்குப் படலையால் வரும் உரிமை கிடையாது. கோடிப்பக்கக் கண்டாயத்தால் வருவார். மதியச் சோறு கொட்டிலடியிலே, தண்ணீர் பனையோலைப் பிளாவிலே. எங்கள் வீட்டுச் சிறுவர்கூட அவரை நீ என்றே அழைப்பார்கள். ஒரு நாள் நான் அவரை "அண்ணை" என்று கூப்பிட்டுவிட்டேன். ஆச்சி என்னை அடுக்களைக்குள்ளே கூப்பிட்டுக் காதைத் திருகினா. எனக்கு ஒன்பது வயது. எதற்காகத் திருகினா என்பது அப்போது விளங்கவில்லை. எங்கள் வளவின் ஒவ்வொரு கதியாலையும் தொட்டு நட்டவர், எல்லை எங்கே வளைகிறது, எங்கே நிமிர்கிறது என்பதை எங்கள் அப்பாவிலும் பார்க்க நன்றாக அறிந்தவர், அந்த எல்லைக்குள்ளே ஒரு திண்ணையில் இருக்க முடியாதிருந்தது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பல ஆண்டுகள் எங்கள் வீட்டிலே பிளா மாறவில்லை.

மலையகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் 1970களிலே சில காலம் அட்டன் பக்கத்திலே ஆசிரியனாயிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே இருந்தவர்களுக்கு வேலி என்ற பேச்சே இல்லை. வளவு இருந்தாலல்லவா வேலி? ஆயினும் வாசலுக்கு முன்னே ஒரு முழ அகலத்திலே மண்ணைக் கொத்தி, ஓரமாகக் கல் அடுக்கி, செவ்வந்தியும் குரோட்டனும் நட்டிருந்தார்கள். அந்த ஒரு முழத்துக்கும் உறுதி கிடையாது.

யாழ்ப்பாணத்திலே உறுதிக்குக் குறைவில்லை. நிலத்தை எழுதி வைக்கும் பழக்கத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தோம்புகளாலே வளர்த்தார்கள். 1706இலே ஒல்லாந்த ஆள்பதி கோர்னெலிஸ் யோவான் சீமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் திரட்டினார். 12 முதலிமார் அதன் தமிழாக்கத்தைப் பார்த்துச் சரியென்றார்கள். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தாலே ஆங்கிலேயரும் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதிலே முன்கொள்வனவு உரிமை என்று ஒன்றுண்டு. ஒருவன் தன் காணியை விற்பதானால் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அயலிலே நிலமுடையவராய் அக்காணியை ஈடு பிடித்திருப்பவருக்கும் அறிவிக்க வேண்டும். வேலிக்கு அப்பால் இருப்பவன் வெறும் அந்நியனல்லன் என்பதைச் சட்டமே ஒருவாறு ஒத்துக்கொண்டிருந்தது. 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் கூட்டுச் சொந்தக்காரரையும் உரித்தாளரையும் வைத்துக்கொண்டு அயலவனை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அயலவனுக்கும் எங்களுக்கும் மிஞ்சியது வேலி ஒன்றே.

நொத்தாரிசு எழுதும் உறுதியின் மொழியே தனியழகு. வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர், வழி வாய்க்கால் உரித்து என்று சொல்லி, கிழக்கு இன்னார், வடக்கு இன்னார் என்று நாலு எல்லையும் சொல்லும். அந்த எல்லை நிலத்திலே எங்கே விழுகிறது என்பதைச் சொல்ல வேலி வேண்டும். வேலியோ உயிருள்ளது. பூவரசு பருத்தால் ஒரு சாண் அங்காலே போகும். பட்ட கதியாலுக்குப் பதில் புதியதை நடும்போது நாலு விரற்கடை தள்ளி நட்டால் யார் கண்டார்? பத்து ஆண்டிலே வேலி ஒரு முழம் நடந்துவிடும். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்ற பழமொழியை யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசிமார் எத்தனை தரம் கேட்டிருப்பார்கள்!

எங்கள் வழக்கு 1961இலே தொடங்கியது. வடக்கு வேலி. பக்கத்து வீட்டு மாமா கதியால் மாற்றியபோது எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளிவிட்டார் என்பது அப்பாவின் முறைப்பாடு. முன்னே அப்பாதான் தள்ளினார், தாம் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார் என்பது மாமாவின் மறுமொழி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்திலே ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரு முழ அகலம், ஏறக்குறைய அறுபது முழ நீளம். அதிலே என்ன விளையும்? ஒரு வரிசை மரவள்ளிகூட ஒழுங்காக விளையாது. ஆயினும் ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. அப்புக்காத்துக்கும் பிரக்கிராசிக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டினால் இரண்டு பரப்புத் தோட்டம் வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொல்லுவா. அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்லுவா.

வழக்கு வைத்த அன்றே பொட்டு அடைபட்டது. அப்பா தாமே அடைத்தார். இரண்டு கதியால், நாலு ஓலை.

வேலியடைப்புக் காலம் வந்தபோது இடைஞ்சல் தெரிந்தது. வெளியே நிற்க ஆளில்லை. மாமாவின் காணியிலே கால் வைத்தால் அத்துமீறல் என்று இன்னொரு வழக்கு வரும். வேலி கட்டுபவர் உள்ளே நின்றபடியே குத்தூசியைக் குத்தி, கையை ஓலைக்கு மேலாலே வளைத்து நாரைத் தேடி இழுத்தார். ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் சென்றது. கட்டும் இறுகவில்லை. அடுத்த சோளகத்துக்கு ஓலை பறந்தது. அந்த ஓட்டைக்கூடாக ஒரு நாள் கிணற்றடியிலே மாமி நின்றதை அம்மா கண்டிருக்கிறா. இருவரும் ஒன்றும் பேசவில்லையாம். மாமி ஒரு கோப்பையை வேலிக்கு மேலாலே நீட்டினாவாம், உள்ளே ஊறுகாய். அம்மா வாங்கி ஒளித்து வைத்ததை நான் கண்டேன். கோப்பை எப்படித் திரும்பிப் போயிற்று என்று தெரியாது. ஆனால் போயிற்று.

சாட்சிக்கு வேலி கட்டுபவரையும் அழைத்தார்கள். அப்பாவின் பக்கத்துச் சாட்சி அவர். எல்லையை அறிந்த ஒரே மனிதர் அவர்தானே! அவர் கூண்டிலே ஏறி, தமக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா அதற்குப் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வளவுக்கும் வேலி கட்டிப் பிழைத்தவர் ஒருவரின் பக்கம் எப்படிச் சொல்லுவார்? அன்று இருந்த நிலையிலே அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் நெடுங்காலம் கழித்தே எண்ணிப் பார்த்தேன். 1967இலே தீர்ப்பு வந்தது. நிலத்தை நடுவாலே பிரித்து ஆளுக்கு அரை முழம். செலவு அவரவர் செலவு. அப்பா 1979இலே காலமானார். செத்தவீட்டன்று மாமா வந்து, தெருப்பக்கம் நின்றுவிட்டுப் போனார்.

பிறகு வந்த காலத்தை நேயர்கள் அறிவர். 1990 யூன் மாதத்திலே யுத்தம் மறுபடியும் மூண்டபோது வலிகாமம் வடக்கை விட்டு ஊரோடு எழும்பினோம். மாமா வீட்டாரும் நாங்களும் ஒரே பள்ளிக்கூடத்திலே ஒரே வகுப்பறையிலே இரண்டு மாதம் இருந்தோம். நடுவிலே வாங்குகளை அடுக்கி மறைப்புச் செய்திருந்தார்கள். முதல் நாளிரவு அம்மாவும் மாமியும் ஒரு வாங்கை நகர்த்தி இடைவெளி விட்டுக்கொண்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பறையிலே மாமா தமது பாயிலிருந்து எழும்பிவந்து என்னிடம், "தம்பி, உன்ர அப்பன்தான் தள்ளினவன். ஆனா நானும் ஒருக்கால் தள்ளினனான்" என்றார். அதைக் கேட்க அப்பா இல்லை. எங்கள் ஊர் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. மாமா 1993இலே போனார், அம்மா 2001இலே. இருவரும் வாடகை வீட்டிலேதான்.

1990களிலே குடாநாட்டுக்குச் சீமெந்தும் இரும்பும் வரத் தடையிருந்தது. மதில் கட்ட எண்ணியவர்களும் வேலிக்குத் திரும்பினார்கள். அதே வேளையிலே பனையும் தென்னையும் பதுங்குகுழிகளுக்காகத் தறிபட்டன, ஓலைக்கும் தட்டுப்பாடு. தகரம், சாக்கு, உரப்பை, பழைய சேலை, எது கிடைத்ததோ அதனாலே மறைப்புக் கட்டினார்கள். யுத்தம் 2009இலே முடிந்த பின்பு பெருந்தெருவோரங்களிலெல்லாம் மதில் எழுந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசு. மதிலிலே முசுட்டை படராது. கிளுவைக் குழைக்கு ஆட்டுக்காரர் வருவதும் குறைந்தது. மதிலைக் குறை சொல்வதற்கில்லை. ஆண்டுதோறும் ஓலைக்கும் நாருக்கும் கூலிக்கும் கொடுப்பதற்கு ஒருதரம் கட்டிவிட்டுப் போகலாம் என்பது நியாயமான கணக்கு. வேலி கட்டியவர்களின் பிள்ளைகள் குத்தூசியை விட்டு மேசன் கரண்டியை எடுத்ததும், படித்து உத்தியோகம் பார்த்ததும் நல்லதே. ஒன்று மாத்திரம் சொல்லலாம்: மதிலிலே பொட்டு விட்டவரை நான் கண்டதில்லை.

2015இலே எங்கள் காணி விடுவிக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு. பார்க்கப் போனோம். வீடு இருந்த இடத்திலே வீடு இல்லை. அத்திவாரக் கல்லும் இல்லை. ஒழுங்கையும் இல்லை. பற்றைக்காடு. எங்கே தெரு, எங்கே வளவு என்று ஊரார் ஒருவரையொருவர் கேட்டபடி நின்றார்கள். நூற்றாண்டு காலம் ஒரு முழத்துக்காக வழக்காடிய மனிதர்கள் தங்கள் பத்துப் பரப்பை அடையாளம் காண முடியாமல் திகைத்து நின்றதைக் கண்டேன். எனக்கு முதலில் அகப்பட்டது கிணறு, பாதி தூர்ந்திருந்தது. அடுத்து ஒரு முள்முருக்கு. அக்காவின் கன்னிக்கால் அதுவாக இருக்கலாம் என்று நான் நினைத்தேன். அக்கா கனடாவிலிருந்து படத்தைப் பார்த்துவிட்டு அதுவேதான் என்றா. நிச்சயமாகச் சொல்ல யாருமில்லை.

மாமாவின் மகள் வந்திருந்தா. சிறுவயதிலே பொட்டினூடாக ஓடி வருபவ. இப்போது பேரப்பிள்ளை கண்டவ. "அண்ணை, எங்கட எல்லை எது?" என்று கேட்டா. கேட்டுவிட்டுத் தானே சிரித்தா.

வேலி கட்டியவரின் மகனைத் தேடிப் பிடித்தோம். கொடிகாமத்திலே பிள்ளைகளோடு இருந்தார், அறுபதைத் தாண்டியவர். நான் "அண்ணை" என்றேன். அவர் வந்து கிணற்றடியிலே நின்று, பற்றையை விலக்கி, துலாவின் ஆடுகால் நின்ற குழியைக் காலாலே தேடிக் கண்டுபிடித்தார். "ஐயா சொன்னவர், ஆடுகாலிலயிருந்து பதினெட்டு முழம்" என்றார். எந்த ஐயா என்று நான் கேட்டேன். "என்ர ஐயாதான். கோட்டால வந்த அண்டைக்கு வீட்டில சொன்னவர்." பதினெட்டு முழம் அளந்து ஒரு தடியை நாட்டினார்.

பின்னர் நில அளவையாளர் பழைய வரைபடத்தோடு வந்து கருவி வைத்து அளந்தார். அவருடைய கோடும் அந்தத் தடியும் ஒரு சாண் வித்தியாசப்பட்டன. எந்தப் பக்கம் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அப்பா இருந்திருந்தால் அன்றிரவு உறங்கியிருக்க மாட்டார்.

மூன்று பக்கமும் மருமகன் அனுப்பிய காசிலே மதில் கட்டினோம். வடக்கே வேலி. பூவரசங் கதியால் இப்போது இலேசிலே கிடைப்பதில்லை, சீமைக்கிளுவைதான் கிடைத்தது. தோட்டத்துரைமார் நிழலுக்காகக் கொண்டுவந்த மரம். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கமே பிற்காலத்தில் அதற்குப் பட்டம் சூட்டியது. எங்கள் கிளுவையோடு அதற்கு உறவில்லை, பெயர் மாத்திரம் ஒட்டிக்கொண்டது. மாமாவின் மகள் எங்கிருந்தோ ஐந்து பூவரசங் கொப்பு வெட்டுவித்துக் கொண்டுவந்தா. ஐப்பசி மழைக்கு எல்லாமாக 40 கதியால் நட்டோம். வெட்டுவாய்க்குச் சாணம் தேடிப் பக்கத்துக் குறிச்சிவரை போக வேண்டியிருந்தது. ஊரிலே அப்போது மாடே இல்லை. ஓலை கட்டிய நாளிலே அண்ணை உள்ளே நின்றார். நான் வெளியே, மாமாவின் காணியிலே நின்று நாரை இழுத்தேன். எழுபதை நெருங்கிய கைக்கு அது கடினமான வேலைதான். ஊசி இரண்டு தரம் விரலிலே ஏறிற்று. மத்தியானம் மூவரும் முள்முருக்கின் கீழே ஒரே பாயில் இருந்து சாப்பிட்டோம்.

தை மாதத்திலே எண்ணிப் பார்த்தேன். 40இலே 31 தளிர்த்திருந்தன. பூவரசு ஐந்தில் நாலு. பட்டுப்போனவற்றில் இரண்டு பக்கத்துப் பக்கத்திலே நின்றன, கிணற்றடிக்கு நேரே. அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு நடுவதற்குக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். "அதை விடுங்கோ அண்ணை" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.